கொலைகாரன் சாப்பிட்ட புளியோதரை

மார்கழி 9, புதன் இரவு

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய துப்பறியும் நாவலில், நாற்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்தேன். கொலை நடந்த ஏகாதசியன்று, கதையில் வரும் மேலாளர் ஒருவன் விரதமிருந்து கோயிலிலேயே இருந்தானாம், புளியோதரையும் சாப்பிட்டானாம். விரதக்காரன் சோறு தொடுவானா? அவன் பெயரை எழுதி ஆண்டாள் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

"டாக்டர்தாம்ட்டி கொலைகாரன். தோத்தா நீ நாவலையே தொடக்கூடாது. நான் தோத்தா மார்கழிப் பொங்கல் என் பொறுப்பு" என்றார், ரிட்டயர்டு ஏட்டையாவான என் வீட்டுக்காரர்.

இன்று கடைசி அத்தியாயத்தை அவரே உரக்க வாசித்தார். பாதியில் அந்த மேலாளர் மாட்டிக்கொண்டதும் குரல் இறங்கிவிட்டது.

"முப்பது வருசம் போலீசு வேலை பாத்தீக, இது தெரியலையா?"

"எங்க ஸ்டேசன்ல எவன் ஏகாதசி இருந்தான்?"

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. விடியக்காலம் பொங்கல் அவர் கையால். நெய் இருக்குமிடம் சொல்லிவிட்டேன். உப்பு டப்பாவை அவரே கண்டுபிடிக்கட்டும்.