கேக்குக்கு மேலே என் பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் நலமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தினம் போனில் பேசிக்கொண்டு இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டாலே உன் அப்பா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார், உன் குரல் ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது என்பதுபோல. இப்போது அவரை ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வெளியே பெஞ்சில். மடியில் அவருடைய ரிப்போர்ட் கவர், அதன் மேல் இந்தத் தாள்.

அசதியாக இருக்கிறது பாப்பா. வேலை அசதி இல்லை, வேலை எப்போதும் இருந்ததுதான். இது பேச்சு அசதி. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வருவது வெறும் காற்று. அதிலிருந்து சொல்லைப் பொறுக்கி நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், கடையில், டாக்டரிடம், கேஸ் கொண்டுவருகிறவரிடம். பாங்கில் கவுண்டர்காரர், பெரியவரே, இங்க, இங்க கையெழுத்துப் போடுங்க என்று அவர் முகத்துக்கு நேரே கத்துகிறார். குரல் போனால் காதும் சேர்ந்து போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொன்னதோ. உன் அப்பாவுக்குக் கோபம் வந்தால் அதையும் நான்தான் பட்டாக வேண்டும். அன்று அவர் சொன்னதில் பாதியைத்தான் கவுண்டருக்குள் சொன்னேன், மீதி வாயில் வைக்கக் கூடியதாக இல்லை. படுக்கப் போகும்போது எனக்கென்று பேச ஒரு வார்த்தை மிச்சம் இருப்பதில்லை.

சரி, நீ இன்டர்நெட்டில் போட்டிருக்கிற கேக் பக்கத்துக்கு வருகிறேன். மாடிவீட்டுத் தையல்காரம்மா தன் பெரிய போனில் திறந்து காட்டினாள். அழகாகத்தான் செய்திருக்கிறாய். எழுத்தும் வெளிர் பழுப்பு, பின்னாலும் வெளிர் பழுப்பு, கண்ணாடி போட்டும் தடவித் தடவித்தான் படித்தேன், அதைக் கொஞ்சம் கறுப்பாக்கு. உலர்ந்த பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப் போடுவது, சர்க்கரையைக் கருக்குவது, அடியில் இறங்கிவிடாமல் பழத்தை மாவில் புரட்டிப் போடுவது, எதையும் விடவில்லை. மேலே பெரிதாக, 'அம்மாவின் கைப்பக்குவம்'. பக்கத்தில் என் படம். என் தோளை ஒட்டி ஒரு முழங்கை. அது உன் அப்பாவுடையது, மீதியை வெட்டிவிட்டாய். தையல்காரம்மா சும்மா இருப்பாளா, ஏங்க்கா, இத்தன நாளா எனக்கு ஒரு துண்டு கண்ணுல காட்டல, இப்ப ஊர் உலகத்துக்கே ஊட்டி விடுறீங்களா என்று சிரித்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேக்கை நான் செய்ததே இல்லை பாப்பா. ஒருமுறைகூட.

உனக்குத் தெரியாமல் போனது உன் தப்பில்லை. உன் அப்பா அச்சகத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, விரலிடுக்கில் மை போகத் தேய்த்துக் கழுவிவிட்டு, நீ எழுவதற்குள் செய்து வைத்துவிடுவார். நீ வரும்போது கேக் ஆறியிருக்கும், அவர் தூங்கியிருப்பார். வெட்டித் தட்டில் வைத்தது நான், நீ பார்த்தது அந்தக் கையை. யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை, வீட்டில் தின்ன ஒன்று இருந்தால் அது அம்மா செய்ததுதானே. நீ போனில் செய்முறை கேட்டபோதும் இதேதான் நடந்தது. அவர் என் காதில் ஊதினார், நான் சொன்னேன், நீ எழுதிக்கொண்டாய். மருந்துக்கடையில் சொல்வதுபோலத்தான் சொன்னேன். சர்க்கரை கருகும்போது பயப்படாதே, பயந்து சீக்கிரம் இறக்கினால் கேக் வெளுத்துப் போகும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாயே, அது அவர் வாக்கியம். ஏதாவது கருகுகிற வாசனை வந்தாலே ஓடிப் போய் அடுப்பை அணைக்கிறவள் நான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்புத்தான். மூன்று வேளையும் ஆக்கிப் போட்டதற்கு ஒரு பக்கம் இல்லை, செய்யாத ஒன்றுக்குப் பேர் வந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை.

அதோடு என் காதில் ஊதுவதும் நின்றுவிட்டது. காப்பியா டீயா என்றால் தலையாட்டுகிறார், எதற்கு ஆட்டினார் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். கேக் டின்னைத் துடைத்து அலமாரி மேல் கவிழ்த்துவிட்டார். ஊறிய பழம் பாட்டிலில் அப்படியே இருக்கிறது. பேசி அலுத்தவளுக்கு இந்த அமைதி இனிக்க வேண்டும். இனிக்கவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினால் தேவலை என்றிருக்கிறது.

நேற்று தையல்காரம்மா மறுபடி வந்தாள். உன் பக்கத்தின் அடியில் யாரோ ஒரு பெண் கேட்டிருக்கிறாள், அம்மா, சர்க்கரை கருகிக் கசக்குது, சாயங்காலம் ஆட்கள் வர்றாங்க, என்ன செய்ய என்று. சொல்லுங்கக்கா, நான் அடிச்சு விடுறேன் என்றாள். எனக்கு என்ன தெரியும். அவரைப் பார்த்தேன். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, தப்பாக விழுந்ததை அழித்து அழித்து. தையல்காரம்மாவின் டீ ஆறிப் போனது. அவர் அனுப்பிய பிறகுதான் வாங்கிப் படித்தேன். பயப்படாதேம்மா, கொட்டிவிட்டு மறுபடி வை, சர்க்கரைதானே, புகை வந்ததும் அடுப்பை அணை, வெந்நீரைத் தள்ளி நின்று ஊற்று, தெறிக்கும், கை பத்திரம் என்று இருந்தது. அதற்குக் கீழே, இப்படிக்கு, அம்மா.

அதற்குத்தான் இந்தக் கடிதம். தலைப்பை மாற்று. முழங்கையோடு ஆளையும் சேர். ஆனால் முதலில் போன் செய். நான் எழுதியதாகச் சொல்லாதே. அம்மாவுக்குச் சர்க்கரை கருக்கத் தைரியம் கிடையாதே, இதெல்லாம் யார் சொன்னது என்று அவரிடமே கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. நேரம் ஆகும், முதலில் காற்றுதான் கேட்கும், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. சொல்லை நீயே பொறுக்கிக்கொள். நான் அடுப்படியில் இருப்பேன், எடுத்துச் சொல்ல வர மாட்டேன்.

ஓவனிலிருந்து டின்னை எடுக்கும்போது துணியை இரண்டாக மடித்துப் பிடி, போன தடவை சுட்டுக்கொண்டாய். நன்றாக இரு, மனசுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு நீண்ட நாள் இரு, எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு உண்டு. எழுத்தைக் கறுப்பாக்க மறக்காதே. கதவு திறக்கிறது, நர்ஸ் எட்டிப் பார்க்கிறாள், அவர் என்னமோ சொல்கிறாராம், என்னவென்று நான் வந்து சொல்ல வேண்டுமாம்.

இப்படிக்கு,
அம்மா.
(இது நான்தான்.)