ஐந்தரை மணி வகுப்பு

அன்புள்ள நம் மகளின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நலம். சலவை ஆலையில் இஸ்திரி இயந்திரம் விரலில் லேசாகச் சுட்டுவிட்டது. கொப்புளம் வற்றிவிட்டது, பயப்படாதீர்கள்.

மேற்பார்வை பார்க்கும் அக்கா மருந்து போட்டுக்கொண்டே, "ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கின?" என்றார். மூன்று மணி நேரம் என்றேன். "தூக்கக் கலக்கத்துல யாரையும் மெஷின் பக்கம் விடமாட்டேன். போய்த் தூங்கிட்டு நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

அறைக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம்தான் பொங்கியது. எனக்கு ஆலையில் கிடைக்கிற அக்கறை நம் பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பள்ளியில் கிடையாதா? காலை ஐந்தரைக்குச் சிறப்பு வகுப்பு, மாலையில் டியூஷன், வீட்டுப்பாடம் முடிய நள்ளிரவு. வகுப்பில் கண் அசந்தால் நிற்க வைக்கிறார்கள். நீங்களும் சோம்பேறி, எரிந்து விழுகிறாள், மார்க் குறைந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். நாலு மணி நேரம் தூங்குகிறவளுக்குப் படித்தது எப்படி மண்டையில் நிற்கும்? வீடியோ காலில் அவள் தாடையில் தையலைப் பார்த்துக் கேட்டால், "சைக்கிள் வழுக்கிடுச்சும்மா" என்று சிரித்தாள். துருவிக் கேட்ட பிறகுதான், "ஓட்டும்போதே கண்ணு சொக்கிடுச்சு" என்றாள். அதை நினைத்துத்தான், விரல் சுட்டதற்கு முந்தின இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இனி அந்த விடியற்கால வகுப்பு வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும். வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு மதியம் கூப்பிடுவேன். அவள் தூங்கினால் எழுப்பாதீர்கள். போனை அவள் முகத்துக்கு நேரே வைத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவசரத்தில்,
உங்கள் மனைவி