மூடியிருந்த நாளின் விலை

2 மார்ச் 1987, திங்கள்

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கம்ப்யூட்டர் தப்பா கணக்குப் போடுமா?" நாம் கொடுப்பதைத்தான் அது போடும் என்றேன். இன்று ஆபீசில் அதையே சொல்லியிருக்க வேண்டும்.

பத்திரிகையில் வரும் நம் ஊர்ப் பங்கு விலைகளை ஆய்வுக்காக ஸ்ப்ரெட்ஷீட்டில் தட்டுவது ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த வேலை. இப்போது அதே விலைகள் அமெரிக்காவிலிருந்து டிஸ்கில் வந்துவிட்டன. கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் நூருல் அமீன் மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். பல இடங்களில் என்னுடையதோடு ஒத்துவரவில்லை. மேலாளர் சூசைநாதன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வயசாச்சுல்ல டீச்சர், கண்ணு வரி மாறியிருக்கும். டிஸ்க்கே போதும் லா."

ஆய்வறிக்கையில் என் பெயர் வராது. மாதக் கடைசியோடு வேலையும் இல்லை.

கண்ணாம்!

4 மார்ச்

சாம்பல் புதன். கோபத்தை விடச் சொன்னார் சர்ச் சாமியார். விடவில்லை.

5 மார்ச்

வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் விடை வேறுபட்டால் இருவர் போட்ட வழியையும் பார்ப்பேன். கையெழுத்து அழகாக இருக்கிறவன் சொல்வதே சரி என்று ஒருநாளும் முடிவு செய்ததில்லை. என் தாளில் தப்பு இருந்தால் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். பார்க்காமலே எப்படிச் சொல்லலாம்? டிஸ்க் என்ன, வேதவாக்கா?

9 மார்ச்

என்னுடையது, டிஸ்கில் வந்தது, இரண்டு பிரிண்டையும் பஸ்ஸில் மடியில் விரித்துக்கொண்டே சிராங்கூன் ரோடு வந்தேன். போன வருடம் பிப்ரவரி 10. என்னுடையதில் காலி. டிஸ்கில் விலை இருக்கிறது! அன்று பக்கத்து வீட்டு லிம் அம்மா ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தாரே?

10 மார்ச்

நூருல் அமீனைக் கேட்டேன்: "சீனப் புத்தாண்டுக்கு மார்க்கெட் திறந்திருந்துச்சாப்பா?"

"என்ன டீச்சர், ஜோக்கா? ஈ காக்கா இருக்காது லா!"

"அப்ப இந்த விலை?"

பிரிண்டை வாங்கி, டிஸ்கில் இருந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தான். அமெரிக்காக்காரன் மாதத்தை முதலில் எழுதுகிறான். அக்டோபர் 2 என்பதற்கு 10/2 என்று அவன் எழுதியதை நம் கம்ப்யூட்டர் பிப்ரவரி 10 என்று படித்திருக்கிறது. பதின்மூன்றாம் தேதியிலிருந்து குழப்பம் இல்லை. பதின்மூன்றாவது மாதம் ஏது? அங்கெல்லாம் சரியாகத் திருப்பிப் படிக்கும்படி நூருல் அமீனே கட்டளை எழுதியிருந்தான். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

"நானே பாஸ்கிட்ட சொல்றேன் டீச்சர். என் தப்புதானே," என்று எழுந்துபோனான். அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

அறைக்குள் சூசைநாதன் கத்தியது அவனைத்தான். வெளியே வந்தவர் என்னைத் தாண்டி காப்பி வாங்கப் போனார். ஒரு வார்த்தை? ஊஹூம். என்னைச் சொல்லும்போது மட்டும் ஆபீஸ் முழுக்கக் கேட்க வேண்டும்!

27 மார்ச், வெள்ளி

அறிக்கை அச்சாகி வந்தது. என் பெயர் இருக்கிறது. சூசைநாதன் புது டிஸ்கை என் மேசையில் வைத்தார். "டீச்சர், நீங்க பாத்த பிறகு ஏத்தலாம். அடுத்த மாசமும் வருவீங்கல்ல?" மன்னிப்புக் கேட்கவில்லை. வருவேன் என்றேன்.

எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு: விலைகளை ஏற்றியதும், சந்தை மூடியிருந்த ஒரு நாளைத் தேடிப் பாருங்கள்.