மர்மர் மாமாவின் நாடி

பிப்ரவரி 3

கடையைத் திறக்கும்போதே மூன்று பேர் காத்திருந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க அல்ல, என்னைப் பார்க்க. மருத்துவக் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள். அடுத்த மாதம் கிளினிக்கல் தேர்வு.

கல்லூரிக்கு எதிர்க்கடைக்காரன் என்பதால் வந்த மவுசு இல்லை இது. என் இதயத்தில் ஒரு கதவு (டாக்டர்கள் மொழியில் வால்வு) சரியாகத் திறக்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் எனக்கு விட்டுப்போன சொத்து. அந்த இடுக்கில் ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது ஓர் உறுமல் கேட்கும். மர்மர் என்பார்கள். ஆறு வருடமாகத் தேர்வன்று என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, இவருக்கு என்ன என்று பிள்ளைகளைக் கேட்கிறார்கள். நான் மர்மர் மாமா. அந்தக் கல்லூரியில் முதல்வருக்குக்கூட இவ்வளவு புகழ் கிடையாது.

"எல்லாரும் உடம்பு நல்லா இருக்குன்னு பெருமைப்படுவாங்க. நீங்க ஒருத்தர்தான்..." என்றாள் மனைவி. முடிக்கவில்லை. வாக்கியத்தை முடிக்காமல் விட்டே என்னை முடித்துவிடுவாள்.

பிப்ரவரி 6

என் சமூக சேவையை இங்கே எழுதிவைக்கலாம். இந்த டைரியை என் மனைவியைத் தவிர வேறு யாரும் திருட்டுத்தனமாகப் படிப்பதில்லை.

தேர்வில் பிள்ளைகள் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துத் தேடும்போது, சரியான இடம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். தப்பான இடத்தில் நேரத்தை வீணாக்கினால் ஒரு இருமல். 'நகரு' என்று அர்த்தம். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, இப்போது பாடத்திட்டத்தில் இல்லாத பாடமாகவே ஆகிவிட்டது இது. கூடவே என் விவரம் முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம்: உறுமல் எங்கே, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவைக்க வேண்டும், நாடி சீராக இருக்கும், கால் வீங்காது. நோயைப் படிப்பதைவிட என்னைப் படிப்பது சுலபம். நான் மெல்லிய புத்தகம். (மனைவி இதைப் படித்தால் சிரிப்பாள். தொப்பையை நினைத்து.)

பிப்ரவரி 10

இன்று கடையில் இரண்டு பேர். ஒருவனுக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. மூச்சு விடாமல் பேசுவான். இன்னொருத்தி யோசனை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திரும்பலாமா வேண்டாமா என்று யோசிப்பாள் போலிருக்கும். கிளினிக்கல் தேர்வில் இரண்டு தடவை தேறவில்லை. தெரியாமல் இல்லை, விடை சொல்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. இந்தத் தடவையும் போனால் கல்லூரி வீட்டுக்கு அனுப்பிவிடுமாம். ஏழு வருடம் படித்தது அத்தனையும் போச்சு.

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: வியாதியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

ரேடியோ சொன்னான்: ஆள் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே இன்னதுதான் என்று மனசில் பட்டுவிடும், அதற்குத் தகுந்த மாதிரி நாலு கேள்வி கேட்டால் போதும்.

"உனக்கு?" என்றேன் யோசனையிடம்.

வந்து விழுந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் மூணு வியாதியைக் கையில வச்சுக்குவேன் மாமா. எதுன்னு கேக்க மாட்டேன். எது இல்லன்னு கேப்பேன். ஒண்ணொண்ணா கீழ போடணும். அதான் நேரமாகுது."

என் விவரத்தைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். வேண்டாமாம். தெரிந்துவிட்டால் அதுதான் காதில் கேட்குமாம். என்ன பொண்ணு இது! விருந்துக்கு வந்துவிட்டு, பசிக்கட்டும், காத்திருக்கிறேன் என்கிறாள்.

பிப்ரவரி 17

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யாரோ படிகளை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 21

மேல்வீட்டு ஆடிட்டர் ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரிய சூட்கேஸோடு வெளியே போகிறார், ஞாயிறு திரும்புகிறார். மனைவியோடு சண்டை, தனியாக வீடு பார்க்கிறார் என்று நான் முடிவுகட்டி, உறுதிப்படுத்தி, தெருவில் தேவைப்பட்டவர்களுக்கும் தேவைப்படாதவர்களுக்கும் சொல்லியும் விட்டேன்.

'எது இல்லன்னு கேப்பேன்' என்று அந்த யோசனைப் பொண்ணு சொன்னதை மனைவியிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். அதை வைத்தே என்னை மடக்கினாள். "வேற என்னவா இருக்கலாம்னு யோசிச்சீங்களா?" நேராக மேலே போய்க் கேட்டே விட்டாள். வீட்டில் வாஷிங் மிஷின் ரிப்பேர். அழுக்குத் துணியைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வருகிறார். ஆடிட்டரம்மா நாளை என்னைப் பார்க்க வேண்டுமாம்.

நாளை கடைக்கு விடுமுறை விடலாமா?

மார்ச் 4

நெஞ்சுக்குள் அவ்வப்போது ஒரு படபடப்பு. தட்டச்சு தெரியாத ஒருத்தன் ஒற்றை விரலால் அடிக்கிற மாதிரி: இரண்டு எழுத்து வேகமாக, அப்புறம் தேடல், அப்புறம் ஒன்று. புதுச் சட்டை இறுக்கம். காபி ஜாஸ்தி. ஆடிட்டரம்மா பயம். காரணத்துக்கா பஞ்சம்?

"டாக்டர்கிட்ட போங்க," என்றாள் மனைவி. வருடாந்திரப் பரிசோதனையை நான் தள்ளிக்கொண்டே போவது அவளுக்குத் தெரியும். வர்ற வாரம் கல்லூரி முழுக்க என்னைத்தானே பரிசோதிக்கப் போகிறது என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். வெற்றி.

மார்ச் 9

வார்டில் படுத்தபடி எழுதுகிறேன். பரீட்சைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை.

காலையில் பேராசிரியர் வந்து, "நம்ம ஆளுதானே, பழைய மாதிரிதானே?" என்றார். "அப்படியேதான் சார்," என்றேன். இருவரும் சிரித்துக்கொண்டோம். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பார்க்கவில்லை. மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

ரேடியோ என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தானா, தொட்டானா? கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, நெஞ்சுக்குப் போய்விட்டான். நான் கண்ணை மூடினேன், அவன் முகம் மலர்ந்தது. நாடி சீராக இருக்கிறது, கதவு சுருங்கியிருக்கிறது என்று கடகடவென ஒப்பித்தான். "வெரி குட்," என்றார் பேராசிரியர். அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. பிள்ளைகள் என்னை நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

கடைசியில் யோசனை. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஒரு முழு நிமிடம். அப்புறம் இன்னொன்று. மணி அடித்துவிடுமே, இதோடு மூட்டை கட்ட வேண்டியதுதானே என்று எனக்குப் பதறியது. அவளுக்காக ஒரு இருமல் இருமினேன். நகரவில்லை. கொஞ்சம் பலமாக இன்னொன்று.

குனிந்து அக்கறையாகக் கேட்டாள்: "இந்த இருமல் எப்போலேர்ந்து இருக்கு?"

அவளுக்கு அந்தப் பாடம் தெரியாது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் இருமலுக்கு என்ன தேதி சொல்வது? விழித்தேன். அவள் விடவில்லை. மூச்சு வாங்குகிறதா? படி ஏறும்போதா, படுத்தாலுமா? நெஞ்சு படபடக்கிறதா? தேர்வில் நோயாளி பொய் சொல்லக்கூடாது என்பது விதி. படியைப் பற்றிச் சொன்னேன். தட்டச்சுக்காரனைப் பற்றியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாள். பாதியில் மணி அடித்தது.

"நாடி?" என்றார் பேராசிரியர்.

"ஒழுங்கில்லாம இருக்கு சார்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் நல்ல மனிதர். தப்பிக்க ஒரு வழி விட்டார். "பதட்டப்படாதீங்க. இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

சீராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துப்போவாள். நான் கண்ணால், புருவத்தால், மூக்கால்கூடச் சொல்லிப்பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. கையைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் சில்லென்று இருந்தது. ஆனால் அழுத்தம் மாறவில்லை.

"ஒழுங்கில்லாமதான் சார் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேரல. பதட்டத்துல வேகமா துடிக்கலாம், ஆனா தாளம் தப்பாது. நடுவுல ஒரு துடிப்பு மட்டும் தப்புற மாதிரியும் இல்ல. அது ரெண்டும் இல்லன்னா இதயத்தோட மேல் அறை நடுங்குது சார். இவருக்கு இது புதுசுன்னு நினைக்கிறேன்."

பேராசிரியர் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்தார். ஆறு வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஈசிஜி எடுத்தார்கள். அவள் சொன்னதேதான். இப்படித் துடித்தால் ரத்தம் உள்ளே தேங்கி உறையுமாம். உறைந்த துணுக்கு கிளம்பினால் நேரே மூளைக்குப் போகுமாம். அப்புறம் பேச்சு போய்விடலாமாம்.

பேச்சு. எனக்கு.

மனைவி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 13

மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. உறைந்தது எதுவும் இல்லை என்று ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்கள். கதவை மாற்றியாக வேண்டுமாம்.

நர்ஸ் கொண்டுவந்த தகவல் (வதந்தி அல்ல, இரண்டு நர்ஸுகளிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன்): யோசனை பாஸ். மணிக்குள் முடிக்காததற்கு மார்க் வெட்ட வேண்டும் என்று ஒரு தேர்வாளர் சொன்னாராம். பேராசிரியர், "அப்படின்னா காலைல பாக்காம விட்டதுக்கு முதல்ல எனக்கு வெட்டுங்க," என்றாராம். என்னைப் பார்த்து நாடி சீர் என்று சொன்ன எல்லோருக்கும் வேறு நோயாளியை வைத்து மறுதேர்வு. அவர்களும் தேறிவிட்டார்கள். நல்லவேளை, அந்த நோயாளிக்கு இருமத் தெரியாது.

மார்ச் 15

ரேடியோ வந்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். கடிகாரத்தின் விநாடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றிவந்தது.

"அன்னிக்கே விரல்ல தட்டுப்பட்டுச்சு மாமா. சீரா இருக்கும்னு தெரிஞ்சதால, என் விரல்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

நானும்தானப்பா. என் நெஞ்சுக்குள்ளேயே தட்டிச் சொன்னான் அந்தத் தட்டச்சுக்காரன். நான் சட்டையைக் குறை சொன்னேன்.

ஏப்ரல் 2

நாளை ஆபரேஷன். எதற்கும் இருக்கட்டும் என்று, ஆடிட்டரம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். "நீங்களே வந்து கேளுங்க," என்று இந்தத் தடவை வாக்கியத்தை முடித்தாள். கை மட்டும் என் கையை விடவில்லை.

ஏப்ரல் 19

வீடு. நெஞ்சுக்குள் உலோகக் கதவு. அமைதியாக இருந்தால் டிக் டிக் என்று எனக்கே கேட்கிறது. பக்கத்தில் படுப்பவளுக்கும் கேட்கிறதாம். தூக்கம் கெடவில்லையா என்றேன். கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம்.

ஆடிட்டரம்மா ரசமான பல வார்த்தைகள் சொல்லிவிட்டுப் பழம் கொடுத்தார். வாஷிங் மிஷின் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 8

புது வருடம், புது பேட்ச். தேர்வுக்கு என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரியில் மவுசு குறையவில்லை. இந்தத் தடவை எல்லா நோயாளியையும் காலையில் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவது நம்ம யோசனைதான். அங்கேயே இப்போது பயிற்சி டாக்டர். இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறாள்.

இன்று நாலு பிள்ளைகள் கடைக்கு வந்தார்கள். ஒருவன் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு கேட்டான்: "மாமா, உங்களுக்கு என்ன?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. டிக் டிக் கதையை எத்தனை அழகாகச் சொல்லலாம். தழும்பைக்கூடக் காட்டலாம்.

மிஷினை நிறுத்தினேன். கையை நீட்டினேன். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லாமலா இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வேறு என்னவாக இருக்கலாம் என்றும் யோசி என்றேன்.

கையை எடுக்காமல் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.