வட்டியைத் தொடாத மனுசனுக்கு

ருமைசா அத்தாவுக்கு,

சோறும் மீன் கொழம்பும் மூடி வச்சிருக்கேன்.

உங்க துபாய் பெட்டியில மூணு கிரெடிட் கார்டும் பில்லும் கெடச்சுச்சு. சேமிப்புக் கணக்குல விழுந்த வட்டிய ஹராம்னு என்னைத் தொடவிடாத மனுசன், ரெண்டு வருசமா எனக்குத் தெரியாம கார்டுக்கு வட்டி கட்டியிருக்கீங்க!

கார்டையெல்லாம் கத்தரிச்சுட்டேன். என் வளையலை வித்து, வட்டி அதிகமுள்ளதை மொதல்ல முடிப்போம். எங்க அண்ணன்கிட்ட கைநீட்டக் கூடாது.

நாலு மணிக்கு பேங்க் ஆளு வருவாராம். டீ குடுத்து, தவணை பேசுங்க.

ஜைனம்பு

பி.கு: போன தடவ பேங்க் ஆளு வந்தப்ப, "அத்தா ஊர்ல இல்ல"ன்னு நம்ம புள்ள ருமைசாவைச் சொல்ல வச்சுட்டு உள்ள ஒளிஞ்சிருந்தீங்களாம். அழுதுக்கிட்டே சொன்னா. கடனை நானும் சேந்து அடைக்கிறேன். புள்ளைய பெரம்பலூருக்கு அக்கா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்குக் கதவை நீங்களே திறங்க.