தளத்து வாசலுக்குப் போகும் சாலை

2022 மார்ச் 15

இன்று சபைக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் ரெனீட்டா, பக்கத்து வீட்டு மூப்பர் பெர்செல், எதிர்வீட்டு டோர்கஸ் (முப்பது வருஷமாகப் பேச்சில்லை, இன்றும் இல்லை), கடற்படைத் தளத்திலிருந்து வெள்ளை உடுப்பில் ஒரு கமாண்டர், நகராட்சிப் பெண் கிர்ஸ்டின். போதகர் ஜெபம் செய்துவிட்டு நழுவிவிட்டார். அவரும் வந்ததாகத்தான் கணக்கு.

சுவரில் வரைபடம். இனி கடல் ஏறப்போகும் இடமெல்லாம் நீலம். தளம், எங்கள் தெரு, கல்லறைத் தோட்டம், எல்லாமே நீலம். ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். எதை முதலில் காப்பாற்ற வேண்டுமோ அங்கே ஒட்ட வேண்டுமாம். தளத்து வாசலுக்குப் போகும் சாலையை உயர்த்தலாம். அல்லது எங்கள் தெருக்கோடி வடிகால் குழாய்க்கு மூடி போடலாம்: மழைத்தண்ணீர் வெளியே போகும், கடல் உள்ளே வராது.

"சாலைய ஒசத்துனா எங்க தெரு கிண்ணமாயிடாதா?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்விங்க மேடம்" என்றார் கமாண்டர். பதில் அவ்வளவுதான்.

முழங்கால் எழ விடவில்லை. என் ஸ்டிக்கர்களை ரெனீட்டாவிடம் கொடுத்தேன். "மூணையும் குழாய் மேல ஒட்டு."

"சரிம்மா."

மார்ச் 16

நல்ல வெயில். ஆனாலும் தெருவில் கணுக்கால் அளவு கடல், குழாய் வழியாக ஏறி வந்தது.

ஜூன் 9

முடிவு வந்துவிட்டது. சாலைக்குத்தான் முதலிடம். குழாய் மூடி 'பிற்காலத்துக்கு'.

பெர்செல் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சிஸ்டர் ஓர்லீனா, கோவிக்காதீங்க. உங்க ஸ்டிக்கர் மூணும் ரோட்டு மேலதான் விழுந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"கண்ணாடி போட்டிருந்தீரா?"

"போட்டிருந்தேன்."

"அன்னைக்கே வாயத் தொறந்தா என்ன?"

"உங்க வாய்க்குப் பயந்துதான்."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூன் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து ரெனீட்டா பொரித்த கோழியோடு வந்தாள். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டேன். மறுக்கவில்லை. தளத்தில் கப்பலுக்கு வெல்டிங் செய்கிறவள்.

"அந்த ரோட்டுத் தண்ணில கார் நின்னு ரெண்டு தடவ லேட்டும்மா. மூணாவது தடவன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பிள்ளைங்கள யாரு பாக்குறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே ரோட்டு மேல ஒட்டச் சொல்லியிருப்பேனோ என்னமோ."

"நீயா? சொல்லியிருக்கவே மாட்டே."

சொல்லியிருப்பேனா? தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும் — கேக்கலியே அவ!

கோழியைச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்ததா, நினைவில்லை. எதிலும் உப்புக் குறை சொல்கிற எனக்கா நினைவில்லை?

2023 அக்டோபர் 2

புதுச் சாலை எங்கள் வாசற்படியைவிட உயரம். ராத்திரி மழை அதில் முட்டித் திரும்பி வந்தது. கடலும் குழாய் வழியாக வந்து சேர்ந்துகொண்டது. சமையலறையில் முழங்கால் அளவு. அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை, கோபம் எதுவும் இல்லை.

டோர்கஸ் ஜன்னலிலிருந்து கத்தினாள்: "ஏ ஓர்லீனா, உசுரோட இருக்கியா?"

"உனக்கு முந்திப் போக மாட்டேன், போ."

2024 மார்ச் 4

நகராட்சி வீட்டை விலைக்கு எடுத்துக்கொண்டது. இடித்துவிட்டுப் புல் வளர்ப்பார்களாம். கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

மே 20

ரெனீட்டா வீட்டுப் பின்னறை. மேட்டு நிலம். விடிந்ததும் காப்பி வைத்துவிட்டுக் கிளம்புகிறாள். இப்போதெல்லாம் லேட் கிடையாது. மேஸ்திரியாக்கப் போகிறார்களாம். பிள்ளைகள் கேக் வெட்டினார்கள், நானும் ஒரு துண்டு தின்றேன்.

கடல் மேல் கோபம் இல்லை, அதற்குக் காது கிடையாது. கமாண்டர் மாற்றலாகிப் போய்விட்டார். கிர்ஸ்டின் சொன்னதைச் செய்கிற பெண். பெர்செல் கோழை, அவ்வளவுதான். டோர்கஸோடு தினமும் போனில் சண்டை போடுகிறேன்.

இன்று மகள் என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். வெல்டிங் செய்கிற கைதான், ஆனாலும் மெத்தென்று இருந்தது. "வலிக்குதாம்மா?" என்றாள். இல்லை என்றேன். நல்ல பிள்ளைதான். அவளுக்காக ஜெபிக்கவும் செய்கிறேன்.

மன்னிக்க மாட்டேன், ரெனீட்டாவை.