பிபி ஏறினால் நல்லதாம்

மார்ச் 3
சிறுநீரகப் புற்றுநோய்க்கான மாத்திரை யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. அதே மாத்திரையைத்தான் அப்பாவும் விழுங்குகிறார். கட்டி நுரையீரலுக்குப் பரவிவிட்டது.
"ஏப்பா, ஊருக்கெல்லாம் ஜோசியம் பாக்குறியே, எனக்குக் கேக்குமா?"
தெரியாது என்றேன். உண்மை அதுதானே?

மார்ச் 5
மாத்திரை எடுத்து ரத்த அழுத்தம் ஏறியவர்களில் பலருக்கு மருந்து நன்றாகக் கேட்கிறது என்று சாப்பிடும்போது உளறித் தொலைத்தேன். உடனே அம்மாவும் அப்பாவும் பிபி மெஷினைக் கட்டிப் பார்த்தார்கள். சாதாரண அளவு. இருவர் முகமும் தொங்கிவிட்டது.

மார்ச் 9
அம்மா வேண்டுமென்றே சண்டை இழுக்கிறாள்.
"ஒங்க தங்கச்சி மாதிரி ஒரு பிசினாறிய நான் பாத்ததே இல்ல."
அப்பா கத்துகிறார். அம்மா மெஷினைக் கட்டுகிறாள். "ஏறுது! இன்னுங் கொஞ்சம் கத்துங்க!"
மருந்து வேலை செய்வதால் அழுத்தம் ஏறும். நாமாக அழுத்தத்தை ஏற்றிவிட்டால் மருந்து வேலை செய்துவிடாது. இது ஏன் புரியமாட்டேங்குது?

மார்ச் 12
அப்பா ஏலக்காய் வியாபாரி. நோய் வந்ததிலிருந்து ஏலத்துக்குப் போக அம்மா விடவில்லை. இன்று அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறாள்!
மாலையில் கூட்டாளி மொக்கையன் மாமா ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். "மாப்ளே, நமக்குத் தேவையே இல்லாத சரக்கு. ஒங்கப்பா ஏலங் கேக்குற பட்டன விட்டு வெரல எடுக்கல, வெல ஏறிக்கிட்டே போச்சு."
பிபி எக்கச்சக்கம். அம்மாவுக்கு ஆனந்தம்.

மார்ச் 17
மதுரை. டாக்டர் பிபியைப் பார்த்ததும், "மாத்திரையாலதான் இவ்வளவு ஏறுதுன்னா நிறுத்த வேண்டியிருக்கும்" என்றார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.
போட்டு உடைத்தேன் — சண்டை, ஏலம், எல்லாம்.
டாக்டர் சிரித்தார். பிறகு மூவரையும் திட்டினார். இரண்டு வாரம் வீடு அமைதியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முடிவு.

மார்ச் 24
அம்மா வாயே திறப்பதில்லை. அப்பா என்னைத் தனியாக அழைத்தார்: "நான் பொழைக்க மாட்டேன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியாடா?"

மார்ச் 31
அமைதியிலும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. இது மருந்தால் ஏறியதாக இருக்கலாமாம். பிபிக்குத் தனி மாத்திரை. புற்றுநோய் மாத்திரையும் தொடர்கிறது. நான் எதுவும் கணிக்கவில்லை.

மே 12
ஸ்கேன். கட்டிகள் சுருங்கியிருக்கின்றன.
உசிலம்பட்டி தாண்டியதும் பஸ்சிலிருந்தே அப்பா மொக்கையன் மாமாவை அழைத்தார்: "ஆடிக்குப் புதுக் காய் எறங்கும்ல? எனக்கும் சேத்து வண்டி சொல்லி வையி."
நோய் வந்ததற்குப் பிறகு, வரப்போகும் மாதம் ஒன்றைப் பற்றி அவர் பேசி இன்றுதான் கேட்கிறேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.